ராமநகரப் பக்கம் இரண்டு ராத்திரி கூடாரம்: எதை வாங்குவது, எதைப் பழகுவது?

பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து ஒரு தோழி கேட்டிருக்கிறார். ஜனவரியில், பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ராமநகரப் பக்கம் பெண்களுக்கு மட்டுமான ஒரு முகாம். வெள்ளி சாயங்காலம் போய் ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். கூடாரம் அடிப்பது, வரைபடம் பார்ப்பது, பாறை ஏறுவது, வெளியில் சமைப்பது எல்லாம் சொல்லித் தருவார்களாம். பணம் கட்டியாயிற்று. வயது 36, இதுவரை வீட்டுக்கு வெளியே படுத்ததே இல்லை. "பத்தாயிரம் ரூபாய்க்குள் என்னென்ன வாங்க வேண்டும், பட்டியல் தர முடியுமா?" என்பதுதான் கேள்வி. அதற்குக் கீழே போகிறபோக்கில் மூன்று வரி எழுதியிருக்கிறார்: கழிப்பறை வசதி சரியாக இருக்காதாம், அந்தத் தேதியில்தான் மாதவிலக்கும் வரும் போலிருக்கிறது, பாம்பு என்றால் பயம், மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று கவலை. உண்மையான கேள்வி இந்த மூன்று வரியில்தான் இருக்கிறது. பட்டியலைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவள் நான். அதன்பிறகு பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளுக்குப் பல வருடங்களாகப் பெண்கள் குழுக்களைக் கூட்டிப்போய் வருகிறேன். முதலுதவி படித்திருக்கிறேன், ஆனால் மருத்துவர் இல்லை. அதனால் மாத்திரை, மருந்து என்று வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

காசு கொடுத்து வாங்க வேண்டியவை மூன்றுதான்: ஷூ, ஹெட்லாம்ப், விசில். கூடாரம், ஹார்னஸ் (உடம்பைக் கயிற்றோடு இணைக்கும் பட்டை), ஹெல்மெட், கயிறு எல்லாம் நடத்துபவர்களே தருவார்கள். ஸ்லீப்பிங் பேக்கும் 40 லிட்டர் பையும் பெங்களூரில் வாடகைக்கே கிடைக்கும். இந்த ஒரு முகாமுக்காக அவற்றை வாங்கிப் பரணில் போட வேண்டாம். ஷூவைச் சாயங்காலத்தில் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கியிருக்கும். முகாமில் போடப்போகும் தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கடையில் சரிவான பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது. வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் தினமும் போட்டு நடக்க வேண்டும். லால்பாக்கில் காலை நடைக்குப் போகிறவராக இருந்தால் அந்தப் பெரிய பாறை மேல் ஏறி இறங்குங்கள். 300 கோடி வருடப் பழமையான பாறை அது, ஷூவின் பிடிப்பைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கால் விரல் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், எந்த மலையேற்றப் புத்தகத்திலும் இருக்காது. மெட்டி. செருப்பில் அது ஒன்றும் செய்யாது. மூடிய ஷூவுக்குள், இறக்கத்தில், பாதம் முன்னால் தள்ளப்படும்போது மெட்டியின் விளிம்பு பக்கத்து விரலை உரசிக்கொண்டே வரும். இரண்டு மணி நேரத்தில் கொப்புளம். கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். வீட்டில் அதற்குப் பெரிய பேச்சு வரும் என்றால் மெட்டியைச் சுற்றி மருத்துவ டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுங்கள். மோதிரமும் வளையலும் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, கழற்றியே ஆக வேண்டும். பாறை இடுக்கில் மோதிரம் மாட்டி, உடம்பின் எடை அதில் இறங்கினால் விரலின் தோலும் சதையும் உரிந்துபோகும் அளவுக்குக் காயமாகும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு மேல் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள். பின்னலையும் சட்டைக்குள் செருகிவிட வேண்டும். கயிறு ஓடும் கருவியில் முடி மாட்டினால் அதை விடுவிப்பது பெரும்பாடு.

அடுத்தது குளிர். பெங்களூர்க் குளிர்தானே என்று நினைப்பீர்கள். ஜனவரியில் ஊருக்கு வெளியே, திறந்தவெளியில், விடியற்காலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். காற்றைவிடத் தரைதான் அதிகம் சில்லிடும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு உங்கள் உடம்பின் கீழ் நசுங்கிவிடுவதால் அந்தப் பக்கம் அது கதகதப்புத் தராது. அங்கே காப்பாற்றுவது மேட் மட்டும்தான். அதனால் முதலில் மேட் உண்டா என்று கேளுங்கள், ஸ்லீப்பிங் பேக் அப்புறம். பையின் மேல் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருந்தால் 'கம்ஃபர்ட்' என்று இருப்பதைப் பாருங்கள். 'லிமிட்' என்று இருப்பதில் குளிர் தாங்கிச் சமாளிக்கலாமே தவிர நிம்மதியான தூக்கம் வராது. கம்ஃபர்ட் 10 டிகிரி என்றிருந்தால் ராமநகரத்துக்கு தாராளம்.

வாடகைப் பைக்குள் யார் யாரோ படுத்திருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் உள்ளுறை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்திப் புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும். அதில் நாலரை மீட்டர் வெட்டி, நீளம் பாதியாக வரும்படி மடித்து, இரண்டு ஓரத்தையும் தைத்தால் மடிப்பு கால் பக்கம் வரும், தலைப்பக்கம் திறந்திருக்கும். எடை ஒன்றுமே இல்லை, கொஞ்சம் சூடும் கூடும். படுக்கும் முன் பகலில் போட்ட துணியை முழுக்க மாற்ற வேண்டும், காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அதில் வியர்வை இருக்கும். எவ்வளவு குளிர்ந்தாலும் தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், பை ஈரமாகிவிடும். கூடாரத்தின் மேல் ஜன்னலையும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். விடிந்ததும் உள்பக்கம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நின்றால் கூடாரம் ஒழுகவில்லை, அது நீங்கள் விட்ட மூச்சு.

இப்போது கழிப்பறை. இத்தனை வருடத்தில் முகாம்களில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றுதான்: ஒதுங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒரு வாய். சாயங்காலம் தலைவலி, மயக்கம், பாறையில் கால் நடுக்கம், ஊருக்குத் திரும்பியதும் நீர்க்கடுப்பு. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள், அடர்ந்த மஞ்சள் என்றால் போதவில்லை. பையில் இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். அது இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

ஒதுங்குவதற்கும் பயிற்சி வேண்டும், சிரிக்காதீர்கள். அடுக்குமாடியில் வெஸ்டர்ன் டாய்லெட்டே பழகிப்போன பலருக்குக் குந்தி உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கும், குதிகால் தரையில் பதியாது. இன்றையிலிருந்து காய் நறுக்கும்போது, போன் பார்க்கும்போது குந்தி உட்காருங்கள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல், பிறகு ஷூ போட்டுக்கொண்டு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்துவிட்டால் அங்கே பாதிக் கவலை தீர்ந்தது. முழங்கால் பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது பாறையைத் தவிர்த்து மண் பாருங்கள், தெறிக்காது. ஓடை, குளம், பாதை, கூடாரம் எல்லாவற்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். பெரிய காலடி வைத்து நடந்தால் எண்பது தொண்ணூறு எட்டு வரும். மலம் கழிக்க என்றால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும், அதற்குச் சின்னக் கரண்டி முகாமிலேயே இருக்கும். வெளிநாட்டுக் கையேடுகள் டிஷ்யூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். நமக்குத் தண்ணீர்தான். அரை லிட்டர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் மூன்று துளை போட்டு எடுத்துப்போங்கள், அமுக்கினால் பீய்ச்சும், தண்ணீரும் குறைவாகச் செலவாகும். திரும்பியதும் சோப்பு. ராத்திரி யாரையாவது எழுப்பிச் சொல்லிவிட்டு, ஹெட்லாம்ப் போட்டுக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போங்கள். ஆபத்து என்று தெரிவிக்க ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். மலையேறுகிறவர்கள் பல நாடுகளில் வைத்திருக்கும் சங்கேதம் இது. உடை மாற்ற இடமில்லையே என்ற கவலைக்கும் நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: நைட்டி. தலைவழியாகப் போட்டுக்கொண்டு உள்ளே எதையும் மாற்றலாம். கடையில் விற்கும் 'சேஞ்சிங் போஞ்சோ' இதைவிட ஒன்றும் உயர்ந்ததில்லை.

மாதவிலக்கு பற்றி. அந்தத் தேதியில் வந்தாலும் பாறை ஏறலாம், நடக்கலாம், தடையே இல்லை. வலி அதிகம் வரும் உடம்பா என்பது உங்களுக்குத்தான் தெரியும், அன்றைக்கு ஏறவில்லை என்று சொன்னாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நாப்கினைப் புதைக்காதீர்கள், எரிக்காதீர்கள். அதில் பிளாஸ்டிக் உண்டு, மண்ணில் மக்காது, சாதாரண நெருப்பில் முழுதாக எரியவும் எரியாது. செய்தித்தாளில் சுற்றி, ஜிப் பைக்குள் போட்டு, அதை வெளியே தெரியாத இன்னொரு பைக்குள் வைத்து, ஊருக்குக் கொண்டுவந்து போட வேண்டும். மென்ஸ்ட்ருவல் கப் வசதியானதுதான், ஆனால் முகாமில் முதல்முறை முயலாதீர்கள். வீட்டில் இரண்டு மாதமாவது பழகியிருந்தால் மட்டும் எடுத்துப்போங்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை போடலாமா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ரத்தம் உறையும் தொல்லை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம், மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ரத்த வாடைக்கு மிருகம் வரும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். இதில் தெரிந்தது கொஞ்சம்தான். அமெரிக்காவில் கருங்கரடிகளை வைத்துச் சோதித்தபோது அவை கண்டுகொள்ளவில்லை. துருவக் கரடிகள் ஆர்வம் காட்டின. அதை வைத்து நம் ஊர்க் கரடி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று எந்தப் பக்கம் சொன்னாலும் ஊகம்தான். சாப்பாட்டு வாடை நிச்சயம் இழுக்கும். ராமநகரத்துக் குன்றுகளில் கரடியும் சிறுத்தையும் உண்டு, ஆனால் உங்கள் பையைத் தேடி முதலில் வருவது குரங்கும் எறும்பும் எலியுமாகத்தான் இருக்கும். கூடாரத்துக்குள் கடலை மிட்டாய்கூட வைக்காதீர்கள்.

பாம்பு விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்கு நான்கு வகைகளால்: நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது. கடித்தது தெரியாமலேயே தூங்கிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அடித்தளம் சேர்த்துத் தைத்த கூடாரத்தில், ஜிப்பை முழுக்க மூடிப் படுத்தால் அதனிடமிருந்து நல்ல பாதுகாப்பு. ஜிப்பைத் திறந்து போட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று, ஒரு நிமிடம் வெளியே போனாலும் மூடிவிட்டுப் போங்கள். ஷூவைக் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள், அது தேளுக்காக. இருட்டில் வெளிச்சம் இல்லாமல் ஒரு அடிகூட வைக்காதீர்கள், உள்ளே தெரியாத பாறை இடுக்கில் கையை விடாதீர்கள்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாததுதான் அதிகம். இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, பாம்பை அடித்துக் கொண்டுவர யாரும் ஓடக் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டையோடு சேர்த்துக் கட்டி, வளையல் கொலுசைக் கழற்றி, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நம் நாட்டு மருந்து அந்த நான்கு வகைக்கும் சேர்த்தே தயாரிப்பது, எது கடித்தது என்று தெரியாவிட்டாலும் கொடுப்பார்கள். அதற்கான விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தருகிறார்கள். கூடாரத்தைச் சுற்றிக் கார்பாலிக் ஆசிட் ஊற்றுவது, உப்புக் கோடு போடுவது, பூண்டு நசுக்கி வைப்பது எல்லாம் பலர் செய்வதுதான், ஆனால் நம்பி ஜிப்பைத் திறந்துவைக்கும் அளவுக்கு எதற்கும் ஆதாரம் இல்லை.

பாம்பைவிட நான் அந்தப் பக்கத்தில் அதிகம் பயப்படுவது மலைத்தேனீக்கு. செங்குத்துப் பாறைகளின் நெற்றியில் பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். சென்ட், வாசனை எண்ணெய், தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். அடைக்குக் கீழே புகை போடக் கூடாது, கத்தக் கூடாது. கலைந்துவிட்டால் கையை வீசாமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கூடாரமோ வண்டியோ எட்டும்வரை நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் என்றால் மருத்துவர் தந்த மருந்தோடு போங்கள், நடத்துபவரிடமும் சொல்லி வையுங்கள்.

வரைபடம், திசைகாட்டி எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள், முன்னால் படித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. இரண்டு விஷயம் தெரிந்தால் பாடம் சீக்கிரம் ஏறும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர், உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. கோடு நெருங்க நெருங்கச் சரிவு கூடும், சாவனதுர்கா போன்ற ஒற்றைப் பாறை மலையில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே கிடக்கும். இன்னொன்று, நடக்க ஆகும் நேரக் கணக்கு: 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. நம் வெயிலில் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள், இது என் கணக்கு.

பாரமாகிவிடுவேனோ என்கிறீர்கள். பெண்களுக்கு மட்டுமான முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல முதல்முறை வருகிறவர்கள்தான். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1991இல் இந்த மாதிரி வார இறுதிப் பயிற்சியைத் தொடங்கியபோதும் புதிதாகக் கற்கும் பெண்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினார்கள். ஆணும் பெண்ணும் கலந்து போகும் குழுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டியிலிருந்து இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் சுத்தியல் ஆண்கள் கையிலும் வெங்காயம் பெண்கள் கையிலும் போய்ச் சேர்ந்திருக்கும், யாரும் சொல்லிச் செய்வதில்லை. இங்கே ஆணி அடிக்க உங்களைத் தவிர ஆளில்லை, அதனால் கற்றுக்கொண்டு வருவீர்கள்.

உடம்புக்குச் செய்ய வேண்டியது எளிது. பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி ஐந்து, ஆறு கிலோ ஆக்கிக்கொண்டு, வாரத்தில் நாலு நாள் லிஃப்டை விட்டுப் படி ஏறி இறங்குங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். அதை முதலில் இறுக்கி, அப்புறம் தோள் பட்டை. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். ஒரு சனிக்கிழமை கூடாரத்தை வாடகைக்கு எடுத்து மொட்டை மாடியில் நிறுத்திப் பாருங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு. ஆணி அடிக்க அங்கே முடியாது, நாலு மூலைக்கும் தண்ணீர்க் கேன் வைத்துக் கட்டலாம். ராத்திரி அதிலேயே தூங்குங்கள். நாய் குரைப்பதும் ஆட்டோ போவதும் கேட்டுக்கொண்டே துணி ஒன்றுக்குப் பின்னால் தூங்கிப் பழகினால் அங்கே முதல் ராத்திரி விழித்துக்கொண்டு கிடக்க மாட்டீர்கள். அங்கே கேட்பது வேறு சத்தம். பக்கிக் குருவி என்று ஒன்று உண்டு, டேபிள் டென்னிஸ் பந்து கைநழுவித் தரையில் வேகம் வேகமாகத் துள்ளி அடங்குவது போலக் கத்தும். அதைக் கேட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் முதல் ராத்திரி எழுந்து உட்காருவார்கள்.

நடத்துபவர்களை இந்த வாரமே கூப்பிட்டுக் கேளுங்கள். முகாம் போடும் இடம் தனியார் நிலமா, காடா. காடு என்றால் வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? ராமதேவர பெட்டா 2012 முதல் பாறு கழுகுகளுக்கான சரணாலயம், அங்கே கூடாரம் அடிக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். முதலுதவிச் சான்றிதழ் உள்ளவர் எத்தனை பேர், ராத்திரி முழுக்க வண்டியும் ஓட்டுநரும் இருப்பார்களா, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு நேரம், பாறை ஏறும்போது கயிறு பிடிப்பது யார், உதவிக்கு வரும் ஆண்கள் ராத்திரி எங்கே தங்குவார்கள். நல்லவர்கள் இதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்று வந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சமையல் கூடாரத்துக்கு வெளியேதான் நடக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். உள்ளே அடுப்பு வைத்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

முகாம் இடம், நடத்துபவரின் எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் வீட்டில் பதற மாட்டார்கள். அவசரத்துக்கு 112. வெள்ளி சாயங்காலம் மைசூரு சாலையில் கெங்கேரி தாண்டுவதற்குள் பொறுமை போய்விடும், மெஜஸ்டிக்கிலிருந்து மைசூர் பக்கம் போகும் ரயிலில் ராமநகரத்தில் இறங்கிக்கொள்ள முடியுமா என்று நடத்துபவரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்புவார்கள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், தொடை பிடித்திருக்கும்.